மூலைக்கு மூலை

என் தலைக்கு மேலே ஒரு தச்சர் குடியிருக்கிறார். நான் வாங்கி வந்த வரம் அப்படி. கீழ்வீட்டில் நான் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொண்டிருப்பேன், மேலே அவர் எதையாவது இழுப்பார், தட்டுவார், கீழே போடுவார். பட்டறை என்னவோ தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நன்றாக இருக்கிற நாற்காலியின் காலையாவது கழற்றி மாட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த சத்தம் வேறு ரகம். முதலில் ஒரு 'தொம்'. பிறகு நிசப்தம். பிறகு சுவருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல், "யாராவது கதவைத் திறங்களேன்" என்றது. என் கரும்பலகை மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாடிப்படி ஏறினேன். போகும்போது அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் பாடம் ஒருநாளும் வரவழைத்ததில்லை.

மேலே என்ன விவகாரம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெருவுக்கே தெரியும். தச்சருக்கு ஒரு மாணவர் விடுதியிலிருந்து நாற்பது அலமாரிக்கு வேலை வந்திருந்தது. இதுவரை பட்டறையில் அளவு சொல்கிறவர் அவர் ஒருவர்தான். தச்சு வேலையில் அதுதான் பதவி. அளவு சொல்கிறவர் பென்சிலால் கோடு போடுவார், மற்றவர்கள் அந்தக் கோட்டில் அறுப்பார்கள். கோடு தப்பினால் பலகை போச்சு. நாற்பது அலமாரியை ஒரு ஆளால் பார்க்க முடியாது, அளவு சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒன்று அவருடைய மகள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் பாப்பா. எட்டு வருடமாகப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிறாள், திருகாணி முடுக்குகிறாள், பாலிஷ் போடுகிறாள். தும்மினால் மரத்தூள் வரும். அவள் கைக்கு வராத ஒரே சாமான் அந்தப் பென்சில்தான். அது வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று, தச்சர் மனைவியின் தங்கை மகன். வணிகவியல் படித்தவன். எண்பத்தேழைப் பத்தொன்பதால் பெருக்கச் சொன்னால், நீங்கள் வாயை மூடுவதற்குள் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்து மூன்று என்பான். அதனால் அவனுக்குப் பெயரே கம்ப்யூட்டர். அம்மாவையும் ஒரு பெரிய பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்று வாரமாக இங்கேதான் இருந்தான்.

தச்சரின் மனம் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்ததற்கு அடியேனும் காரணம். பத்து வருடம் முன்பு பாப்பா என்னிடம் டியூஷன் படித்தாள். பத்து பேர் ஒரு சுவரைப் பத்து நாளில் கட்டினால் நூறு பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"சார், சுவர் எவ்வளவு நீளம்?"

"அது எதுக்கு?"

"நூறு பேர் நிக்கணுமே. அப்புறம், கீழ் வரிசை காயாம மேல் வரிசை எப்படி வைப்பாங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வருடம் பரீட்சையில் அவள் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். தச்சர் வந்து கேட்டபோது, "உங்க பொண்ணுக்குக் கணக்கு வராது, வீணா மெனக்கெடாதீங்க" என்று சொல்லிக் கை கழுவினேன். பெரிய டாக்டர் சொன்னதுபோல அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

இனி அலமாரிக்கு வருகிறேன். தச்சர் மனைவிக்கு இருபது வருடமாக ஓர் ஆசை, படுக்கையறையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே அலமாரி. மேலே இடைவெளி இருந்தால் தூசி சேரும் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். இடைவெளி இருந்தால் தங்கை தன் பெட்டியை அங்கே ஏற்றிவிடுவாள், பெட்டி ஏறிவிட்டால் தங்கை ஊருக்குக் கிளம்ப மாட்டாள் என்பது என் மனைவியிடம் சொன்ன காரணம். தச்சர் இதையே பரீட்சையாக வைத்தார். கம்ப்யூட்டர் அளவு சொல்லட்டும், அலமாரி சரியாக நின்றால் விடுதி வேலைக்கும் அவனே அளவு சொல்லட்டும் என்றார்.

கம்ப்யூட்டர் அளந்தான். தரையிலிருந்து கூரைக்குத் தொண்ணூற்றாறு இன்ச். ஓர் இன்ச் விட்டு அலமாரியின் உயரம் தொண்ணூற்றைந்து, ஆழம் இருபத்து நான்கு. முழுதாகச் செய்தால் மாடிப்படி திரும்பாது. ஆகவே பலகைகளைத் தனித்தனியாக ஏற்றி, படுக்கையறைத் தரையில் அலமாரியைப் படுக்கவைத்தே பசை போட்டு, திருகாணி முடுக்கிச் சேர்த்தார்கள். வாரம் முழுக்க மழை. பசை காயவே இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அந்தக் குடும்பம் அலமாரிக்குள் இறங்கி ஏறித்தான் படுக்கப் போனது.

நான் போய்ப் பார்த்தபோது அலமாரி படுத்திருக்கவும் இல்லை, நின்றிருக்கவும் இல்லை. பாதி எழுந்த நிலையில் அதன் மேல் மூலை கூரைக்குள் குத்திக்கொண்டு நின்றது. பின்பக்கம் தச்சரும் கம்ப்யூட்டரும் பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தார்கள். நால்வர் தலையிலும் சுண்ணாம்பு. அலமாரியின் பக்கவாட்டுப் பலகை குளியலறைக் கதவை அடைத்திருந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே கம்ப்யூட்டரின் அம்மா.

"மச்சான், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கதவு இடுக்கிலிருந்து கேட்டது குரல்.

"இந்தா ஆச்சும்மா" என்றார் தச்சர்.

"அப்ப இருந்து இதையேதான் சொல்றீங்க. காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

தச்சரின் மனைவி ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போய் இடுக்கில் நுழைத்துப் பார்த்தார். இடுக்கு இரண்டு விரல் அகலம்.

"படுக்க வச்சா போகாதும்மா. நிமித்திப் பிடிங்க" என்றாள் பாப்பா. அவள் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி செங்குத்தாக உள்ளே போனது.

"வெண்ணெய் தடவலையா அக்கா?"

"தடவினா இடிக்கும். அப்படியே சாப்பிடு."

தச்சர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க சார். நீங்களே சொல்லுங்க. தொண்ணூத்தஞ்சு பெருசா தொண்ணூத்தாறு பெருசா?"

"தொண்ணூத்தாறு."

"அப்ப இது ஏன் போகல? வீடு கட்டினவன் கூரையைச் சாய்வா கட்டிட்டான் போல."

"நாலு இடத்துல அளந்தேன் பெரியப்பா. நாலும் தொண்ணூத்தாறு" என்றான் கம்ப்யூட்டர். அவன் குரல் பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"முந்தாநாள் பசை போடுறதுக்கு முன்னாடியே பாப்பா கேட்டா சார்" என்றார் தச்சரின் மனைவி என்னிடம். "நிமித்துறப்ப இடிக்காதாப்பான்னு கேட்டா. இவர் என்ன சொன்னார் தெரியுமா? தொண்ணூத்தஞ்சு தொண்ணூத்தாறுக்குள்ள போகும்னு கூடவா தெரியல, அதான் சார் அன்னைக்கே சொன்னாருன்னாரு."

சார் என்றது என்னை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? எனக்கு விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. தச்சர் காதிலிருந்த பென்சிலை வாங்கி, கிடந்த பலகைத் துண்டில் எழுதினேன். தொண்ணூற்றைந்தின் வர்க்கம் ஒன்பதாயிரத்து இருபத்தைந்து. இருபத்து நான்கின் வர்க்கம் ஐந்நூற்று எழுபத்தாறு. கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய தொண்ணூற்றெட்டு.

"அலமாரி நேரா நின்னா தொண்ணூத்தஞ்சு. எழும்புற வழியில மூலைக்கு மூலை தொண்ணூத்தெட்டு. அதாவது ரெண்டு இன்ச் இடிக்கும்" என்று அறிவித்தேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

தச்சரின் மனைவி கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இடிக்குதுன்னு எங்களுக்கும் தெரியுது சார். ரெண்டு இன்ச்சுன்னு தெரிஞ்சு இப்ப நாங்க என்ன பண்றது?"

அசடு வழிவது என்றால் என்ன என்பதை அன்றுதான் நான் உடம்பால் உணர்ந்தேன்.

"முதல்ல இதைக் கீழ இறக்கணும்" என்றாள் பாப்பா. "மேல தள்ளினா இன்னும் உள்ள ஏறும். அடியில கால் பக்கம் வெளிய வழுக்கினாத்தான் மூலை விடும். சித்தி, உள்ள சோப்பு இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"தேஞ்ச சோப்பா, புதுசா?"

"நேத்து நான் எடுத்த புதுசு."

"புதுசு இடுக்குல போகாது. தேஞ்சதைப் பாருங்க."

தேய்ந்த சோப்பு வந்தது. அவள் தரையை நனைத்து, அலமாரியின் கால் பக்கத்துக்கு முன்னால் ஒரு முழ அகலத்துக்குச் சோப்பைத் தேய்த்தாள். "அப்பா, நீங்க நாலு பேரும் தள்ளாதீங்க. தாங்கிக்கிட்டா போதும்" என்றாள். அவளும் அம்மாவும் அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். அலமாரி ஒரு முனகலோடு கூரையை விட்டது. ஒரு கூடைச் சுண்ணாம்பு கம்ப்யூட்டர் மேல் கொட்டியது. மெல்ல மெல்லத் தரைக்கு இறக்கி ஓரமாக இழுத்த பிறகு, குளியலறைக் கதவு திறந்து அவன் அம்மா வெளியே வந்தார். மகனைத் தலை முதல் கால் வரை வெள்ளையாகப் பார்த்துவிட்டு, "என் பிள்ளையை இப்படி ஆக்கிட்டீங்களே" என்றார்.

"பிள்ளைதான் அலமாரியை இப்படி ஆக்கியிருக்கான்" என்றார் அவருடைய அக்கா, தச்சரின் மனைவி.

தச்சர் படுத்துக்கிடந்த அலமாரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது வருடம் தகரக் கூரை போட்ட பட்டறையிலும் உயரமான பழைய வீடுகளிலும் வேலை செய்தவர். நிமிர்த்தும்போது கூரையில் இடித்த அனுபவமே அவருக்கு இல்லை. பசை போட்டு ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. பிரித்தால் பலகை பிய்ந்துவிடும்.

"பெரியப்பா, கணக்கு சுலபம்" என்றான் கம்ப்யூட்டர், கண்ணிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே. "சார் ரெண்டு இன்ச் இடிக்குதுன்னுட்டார். மேல ரெண்டு இன்ச் அறுத்து எடுத்துருவோம். தொண்ணூத்தெட்டுல ரெண்டு போனா தொண்ணூத்தாறு. சரியா உக்காந்துரும்."

"சரிதானே சார்?" என்றார் தச்சர்.

"சரிதான்" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் கணக்கு சரியாகத்தானே இருக்க வேண்டும்.

தச்சர் ரம்பத்தை எடுத்தார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருட ஆசை, மேல்பலகையையே அறுத்தால் அப்புறம் அது அலமாரியா? ரம்பத்தின் முதல் பல் மரத்தில் படும்போது பாப்பா குனிந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்பா. உயரத்துல ரெண்டு வெட்டினா, மூலைக்கு மூலையும் ரெண்டுதான் குறையும்னு யார் சொன்னது?"

"வேற எவ்வளவு குறையும்?" என்றான் கம்ப்யூட்டர்.

"தெரியாது. அதான் கேக்குறேன். சாய்ஞ்ச கோடு வேற, நேர்க்கோடு வேற. ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணும் அதே அளவு குறையணும்னு என்ன இருக்கு?"

பலகைத் துண்டைத் திருப்பிப்போட்டு மறுபடி எழுதினேன். தொண்ணூற்று மூன்றின் வர்க்கம் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. அதோடு ஐந்நூற்று எழுபத்தாறு. மொத்தம் ஒன்பதாயிரத்து இருநூற்று இருபத்தைந்து. கூரை உயரமான தொண்ணூற்றாறின் வர்க்கமோ ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு. மூன்று தடவை கூட்டினேன். ஒன்பது அதிகமாகத்தான் வந்தது.

"என்ன சார்?" என்றார் தச்சர்.

"அறுத்தாலும் இடிக்கும்" என்றேன். "ஒரு மயிரிழைதான். ஆனா இடிக்கும்."

தச்சர் ரம்பத்தைத் தரையில் வைத்தார். முப்பது வருடத் தொழில், ஒரு பட்டப்படிப்பு, என்னுடைய இருபத்தைந்து வருட டியூஷன், மூன்றும் சேர்ந்து அலமாரியையும் கெடுத்து, கூரையிலும் மாட்டியிருக்கும்.

"இந்தப் பொண்ணுக்குக் கணக்கு வராதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் கம்ப்யூட்டரின் அம்மா. விஷயம் தெரியாமல் கேட்டார் என்றே நம்புகிறேன். நான் சன்னலைப் பார்த்தேன்.

பாப்பா அலமாரியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அடியில் நான்கு இன்ச் உயரத்துக்கு ஒரு பீடம் இருந்தது. துடைப்பம் இடித்துப் பலகை கெடாமல் இருப்பதற்காக எல்லா அலமாரிக்கும் வைப்பது. திருப்புளியை எடுத்து அதன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அது கழலாது. பசை போட்டிருக்கு" என்றார் தச்சர்.

"போடலப்பா."

"போடலையா? பசை போடாம யாரைக் கேட்டு முடுக்கின?"

"உங்களைத்தான் கேட்டேன். நிமித்துறப்ப இடிக்காதான்னு. நீங்க பெருசு எது சின்னது எதுன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. இடிக்கும்னு எனக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா தெரியாதப்ப எதுக்கு ஒட்டணும்? எட்டு திருகாணிதானே, தேவைன்னா கழட்டலாம், தேவையில்லன்னா அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தச்சர் இரண்டாவது திருப்புளியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

பீடம் தனியாக வந்தது. பாப்பா அம்மாவிடம் சணல் கயிறு வாங்கி, அலமாரியின் பக்கப் பலகையில் மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து அந்த நீளத்தில் முடிச்சுப் போட்டாள். பிறகு அந்தச் சணலைச் சுவரோரம் கொண்டுபோய், ஒரு முனையைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, நாற்காலியில் ஏறச் சொல்லி மறுமுனையை அப்பாவிடம் கொடுத்தாள்.

"கூரைக்கு எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு விரல்."

"அப்ப எழும்பும்."

பீடம் போக மீதி உயரம் தொண்ணூற்றொன்று என்று நான் பலகையில் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு சொச்சம் வந்தது. சணல் சொன்னதையே பென்சிலும் சொன்னது. கொஞ்சம் தாமதமாகச் சொன்னது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடமாக அந்தச் சூத்திரத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறேன். அது ஒரு சணல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அலமாரி எழுந்தது. எந்த வம்பும் செய்யாமல், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பிள்ளைபோல நேரே எழுந்து நின்றது. நான்கு பேரும் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார்கள், பாப்பா பீடத்தை அடியில் தள்ளினாள். உள்ளே புகுந்து எட்டுத் திருகாணியையும் முடுக்கினாள். சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். மேலே ஓர் இன்ச் இடைவெளி. தச்சரின் மனைவி அதையும் தங்கையின் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிம்மதியாக டீ போடப் போனார்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து டீயும் ரொட்டியும் சாப்பிட்டோம், வெண்ணெய் தடவியே. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டரின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"எப்படியோ அலமாரி நின்னுடுச்சு. அப்ப விடுதி வேலைக்குப் பிள்ளை நாளைக்கே வந்துரலாமா மச்சான்?"

பதில் சொன்னது கம்ப்யூட்டர். பாவம், நல்ல பையன்.

"அம்மா, நீ சும்மா இரு. எனக்கு எதைக் குடுத்தாலும் பெருக்கத் தெரியும். எதைப் பெருக்கணும்னு தெரியல. அதைப் பாப்பா அக்கா சொல்லட்டும், நான் பெருக்கிக் குடுக்கிறேன்."

"பெருக்கிறதா இருந்தா இப்பவே ஆரம்பி" என்று பெரியம்மா துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தார். தரை முழுக்கச் சுண்ணாம்பு.

தச்சர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விடுதி அலமாரிகளின் அளவு. எண்களெல்லாம் கம்ப்யூட்டரின் அழகான கையெழுத்து. அதை மகளிடம் நீட்டினார்.

"நாளைக்குக் காலையில பலகை அறுக்கணும். நாப்பதுக்கும் சேர்த்து. இதுல தப்பு இருந்தா சொல்லு."

பாப்பா நிதானமாகப் படித்தாள். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. இரண்டு வருடமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இருந்ததா என்று பார்த்தேன். புருவம் சுருங்கித்தான் இருந்தது.

"கூட்டல் கழித்தல்ல தப்பு இல்லப்பா. ஆனா அங்க கூரை எவ்வளவு உயரம்?"

"இதே எட்டடி" என்றார் தச்சர். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. நாற்பது அலமாரி, நாற்பது கூரை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குது? அலமாரி எந்த வழியா உள்ள போகும்? எங்க படுக்க வச்சு எங்க நிமித்துவோம்?"

தச்சர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவன் இன்னும் வேகமாகப் பெருக்கினான்.

"தெரியாதும்மா" என்றார் தச்சர். அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அப்ப அளவு இப்ப சொல்ல முடியாது. போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்." அவள் எழுந்து, அப்பா காதில் மறுபடி ஏறியிருந்த பென்சிலை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டு குடையைத் தேடினாள். அவர் தடுக்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு அவளுக்காக வாசலில் காத்து நின்றார்.

நான் படியிறங்கப் போனேன். பத்து வருடத்துக்கு முன்பு சொன்ன ஒரு வாக்கியத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே, "பாப்பா, நான் அன்னைக்கு" என்று இழுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம் சார்" என்றாள் அவள், டேப்பை எடுத்துக்கொண்டே. "பெரிய ரூம். ஒரு முனையை அப்பா பிடிப்பார், நான் எழுதணும், இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்ல. நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

போனேன்.